வெண்பனிக் கூட்டம், பதினேழாம் பாகம்

நவம்பர் 6, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. டான்யூப் ஆறு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சோபியாவிலிருந்து வரும் பஸ் தாமதம். வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர் வெலிச்கோ நேராக என் டிக்கெட் ஜன்னலுக்கு வந்து ஒரு பொட்டலத்தை உள்ளே தள்ளினார்.

"இந்தா, உன் ஓநாய்க்காரன். வழியெல்லாம் ஊளையிட்டுக்கிட்டே வந்தான். பயணிங்க பயந்துட்டாங்க."

"அட்டையைக் கசக்கலையே?"

"என் மடியில வச்சு ஓட்டிக்கிட்டு வந்தேன். போதுமா?"

பதினேழாம் பாகம்! மனிதர்கள் ஓநாயாக மாறும் இந்தத் தொடரில் இது டோர்னின் கதை. இரண்டாம் பாகத்திலிருந்து இவனுக்காகக் காத்திருக்கிறேன். ஒவ்வொரு பாகத்திலும் யாரையாவது காப்பாற்றுவான். மற்ற ஓநாய்களுக்குக் கல்யாண விருந்து நடக்கும்போது இவன் மட்டும் வெளியே பனியில் நிற்பான். ஒற்றைக் கண். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டான். இந்தத் தடவை அட்டையிலேயே இருக்கிறான், முதுகைக் காட்டிக்கொண்டு.

வீட்டில் அடுப்பு எரிகிற ஓர் அறையில்தான் குளிர்காலம் முழுக்க நானும் மாமியாரும். என் புருஷன் பிளாமென் வேலைக்கு ஸ்பெயினுக்குப் போய் இது மூன்றாவது குளிர்காலம். புத்தகத்தைப் பார்த்ததும் பென்கா அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"முப்பத்தொன்பது வயசாச்சு. மிருகத்தோட என்னடி காதல்? எங்கப்பன் ஆடு மேய்ச்சவன். ஓநாய் எவ்வளவு நல்லவன்னு அவன்கிட்ட கேட்டிருக்கணும் நீ."

கேட்காதது போல் உட்கார்ந்து, அட்டையை மோந்து பார்த்தேன். புது மை வாசனை.

நவம்பர் 7, புதன்

முதல் அத்தியாயம். அவள் பெயர் மெய்ரா. மலைச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள். டோர்னை முதன்முதலில் பார்த்ததும் மண்வெட்டியால் மண்டையில் போட்டாள். எனக்குப் பிடித்துவிட்டது.

நவம்பர் 11, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியே ஆகவேண்டும்.

மத்தியானம். அத்தை அவரைக்காய் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் படித்துக்கொண்டே எனக்கு நானே முணுமுணுத்தேன்: "இவனுக்குக் கண்ணு எந்தப் பாகத்துல போச்சு?"

"அஞ்சாவதுல. கரடிப் பொறியில மாட்டினப்போ."

கரண்டி நின்றது. நானும் நிமிர்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காது சிவந்திருந்தது.

"அத்தை! எல்லாத்தையும் படிச்சிட்டீங்களா?"

"வேற என்ன வேலை? நீ பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுற. டிவியைப் போட்டா எல்லாரும் கத்துறாங்க."

"பதினாறையுமா?"

"ஒன்பதாவது மட்டும் பிடிக்கலை. அந்தப் பொண்ணு சும்மா சும்மா மயங்கி விழுறா. இரும்புச்சத்து குறைவோ என்னவோ."

எத்தனை வருடத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்தேனோ தெரியவில்லை. மூக்கில் நீர் வந்துவிட்டது. அவரும் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். முன்பல் போனதிலிருந்து அப்படித்தான்.

நவம்பர் 17, சனி

இப்போது முறை வைத்துப் படிக்கிறோம். நான் வேலைக்குப் போனதும் பகலெல்லாம் அவர். திரும்பி வந்தபின் நான். சாப்பிடும்போது சண்டை.

டோர்ன் ஓநாயாகும்போது மெய்ராவுக்கு அது அவன்தான் என்று தெரியாது. வண்டியை நிறுத்தி, தன் மதியச் சாப்பாட்டில் பாதியை அந்த ஓநாய்க்கு வைக்கிறாள். அதனிடம் வாய் ஓயாமல் பேசுகிறாள். டோர்னைப் பற்றியே அதனிடம் புகார் சொல்கிறாள்! 'ஊமை மாதிரி ஒருத்தன் வர்றான், முறைச்சுப் பார்க்கிறான், போயிடுறான்.' ஓநாய் தலையைக் குனிந்துகொண்டு அவள் ரொட்டியைத் தின்கிறது. அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். மார்புக்குள் ஏதோ கதகதப்பாக.

அத்தைக்கு அந்த இடத்தில் வேறு கவலை. "இவ்வளவு பனியில வண்டியை நிறுத்திட்டா இன்ஜின் மறுபடி கிளம்பாது. எழுதினவளுக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியலை."

"ஓநாய் மனுஷனாகிறதை நம்புறீங்க, இன்ஜினை நம்பமாட்டீங்களா?"

"இன்ஜினை எனக்குத் தெரியும்டி."

இன்னொன்று. அத்தை பல் கட்டிக்கொண்டார். நான் கெஞ்சியும் இத்தனை வருடம் மாட்டேன் என்றவர். தானே போய் அளவு கொடுத்து, இன்று மாட்டிக்கொண்டு வந்து பல்லை முழுக்கக் காட்டினார். "பாரு, நானும் கூட்டத்துல சேர்ந்துட்டேன்."

"திடீர்னு யாருக்காக?" என்று கேட்டேன். "சூப்பையே குடிச்சுக் குடிச்சுச் சாகணுமா?" என்றார்.

நவம்பர் 25, ஞாயிறு

விடுமுறை. இருவரும் வீட்டில். புத்தகம் ஒன்று. மத்தியானத்துக்குள் சண்டை முற்றிவிட்டது. அத்தை ரொட்டிக் கத்தியை எடுத்து வந்து, நான் 'ஐயோ' என்பதற்குள், புத்தகத்தின் முதுகில் வைத்து ஒரே இழுப்பு. இரண்டு துண்டு.

"நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்."

 பிறகு என் துண்டை எடுத்துக்கொண்டு அடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அவர் அந்தப் பக்கம். வெளியே மதியமே இருட்டு போல. விறகு வெடிக்கிற சத்தம், தாள் திருப்புகிற சத்தம். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. இதையே எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகும்.

டிசம்பர் 2, ஞாயிறு

முடித்துவிட்டேன். பனிச்சரிவில் வண்டி புதைகிறது. மெய்ரா உள்ளே. ஓநாய் நகம் பெயர்ந்து ரத்தம் வரத் தோண்டுகிறது. கடைசியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த ஒற்றைக் கண்ணைப் பார்க்கிறாள், பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்: டோர்ன்! ஓநாயை, அவன் பெயரால். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் அத்தனை நாளும் ரொட்டி வைத்தாள், தெரிந்தேதான் திட்டினாள்!

அழுதேன். சந்தோஷமாக அழுதேன். அத்தை இன்னும் சில பக்கம் மீதி வைத்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு

டிசம்பர் 3, திங்கள்

எழுத வரலை.

நேத்து அந்த வரியோட நிறுத்தினேன். அப்பதான் அவங்க முடிச்சாங்க. முடிச்சு, ரெண்டு துண்டையும் சேர்த்து அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வச்சாங்க. நான்தான் பைத்தியம் மாதிரி பேசினேன். "பார்த்தீங்களா அத்தை? எத்தனை பாகம் காத்திருந்தான்! காத்திருந்தா வீண் போகாது. பிளாமெனும் ஈஸ்டருக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்ல—"

"அவன் வரமாட்டான், நெவெனா."

"ஈஸ்டருக்கு முடியலைன்னா கோடையில—"

"வரமாட்டான். அங்க ஒருத்தி இருக்கா. நம்ம நாட்டுக்காரிதான், பிளெவென் ஊர்க்காரி. அவன் வேலை பார்க்கிற அதே பழம் அடைக்கிற கூடத்துலதான் வேலை. பிப்ரவரியில குழந்தை பிறக்கப் போகுது."

அடுப்பு அப்படியே எரிஞ்சுக்கிட்டிருந்தது. எதுக்கு எனக்கு அடுப்பு மட்டும் ஞாபகம் இருக்கு?

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஆகஸ்ட்ல சொன்னான்."

ஆகஸ்ட்! செப்டம்பர் முழுக்கக் கொல்லையில நின்னு குடைமிளகாய் சுட்டோம், தோலுரிச்சோம், ஜாடி ஜாடியா அடைச்சோம். பிளாமெனுக்குப் பிடிக்கும்னு நாலு ஜாடி தனியா எடுத்து வச்சேன். இந்தப் பொம்பளை பக்கத்துல நின்னு மூடி திருகிக் கொடுத்தா. தெரிஞ்சுக்கிட்டே.

"ஏன் இத்தனை மாசம் சொல்லலை?"

அடுப்புல ஒரு விறகை வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. அப்புறம் இந்தப் புத்தகம் வந்துது. நீ சிரிச்சே. முடிக்கட்டும்னு இருந்தேன்."

புத்தகம் முடியட்டும்னு இருந்தாங்களாம்.

இப்பப் புரியுது, பல்லு யாருக்காகன்னு. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போறப்போ ஓட்டைப் பல்லோட போகக் கூடாதுல்ல.

டிசம்பர் 6, வியாழன்

புனித நிக்கோலா நாள். அத்தை கெண்டை மீன் வாங்கி, உள்ளே வால்நட் அடைத்து, வழக்கம் போலவே செய்தார். என் தட்டை மேசையில் வைத்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு குளிரில் கிடக்கிற என் படுக்கையறைக்குப் போய் உட்கார்ந்தேன். மூச்சு புகையாக வந்தது. மீன் வாசனை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டேயிருந்தது. பசித்தது. போகவில்லை.

டிசம்பர் 14, வெள்ளி

பேசவில்லை. அவரும் பேசவில்லை.

டிசம்பர் 24, திங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு நோன்பு விருந்து. இரண்டு பேருக்கு இத்தனை தட்டு. ரொட்டியைப் பிட்டார்: கன்னி மரியாவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, பிளாமெனுக்கு — அங்கே கை தயங்கியது. பிட்டு வைத்தார். எனக்கு. தனக்கு. பிறகு இன்னொரு சின்னத் துண்டு பிட்டார். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவர் சொல்லவும் இல்லை.

போன் வந்தது. அத்தை எடுக்காமல் என்னைப் பார்த்தார். எடுத்தேன்.

"நெவெனா... நான்... அம்மா சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"நான் உனக்கு எப்படி—"

"அவ பேரென்ன?"

"ரலிட்சா."

"சாப்பிட முடியுதா அவளுக்கு? வாந்தி நின்னுதா?"

எதற்காக அதைக் கேட்டேன்? இத்தனை நாள் மனதுக்குள் எத்தனை வசவு சேர்த்து வைத்திருந்தேன்! வாயைத் திறந்தால் இதுதான் வந்தது.  "எனக்கு நிக்கவே இல்லைல்ல, கடைசி வரைக்கும்" என்றேன். அவனுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு என்னைக் கூட்டி வந்தவன் அவன்தானே. அழுகிறான் என்று தெரிந்ததும் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 5, சனி

அடுத்த அறையிலிருந்து கேட்டது. அத்தை போனில் கத்துகிறார். "விக்கறதா? எந்த வீட்டை? அவ எங்கடா போவா? நான் இன்னும் சாகலை. செத்தாலும் விக்க விடமாட்டேன், பேயா வந்து வாசல்ல உட்காருவேன், தெரிஞ்சுக்கோ!"

வெளியே வந்து என்னைப் பார்த்ததும், "சூப் ஆறுது" என்றார் கோபமாக, என் மேல்தான் கோபம் போல.

சாப்பிட்டேன். அடுப்பு அறையில்.

ஜனவரி 13, ஞாயிறு

பழைய பாகம் ஒன்றை எடுத்தேன். நாலாவது. எதுவும் ஏறாது என்றுதான் நினைத்தேன். ஓநாய்க்கு ஒருத்திதான், ஆயுள் முழுக்க ஒருத்திதான், வாசனையிலேயே கண்டுபிடித்துவிடும் — எல்லாம் பொய். மனிதர்கள் அப்படி இல்லை. ஓநாயும் அப்படி இருக்குமோ என்னவோ. தூக்கி அடுப்பில் போட்டுவிடலாமா என்றிருந்தது.

ஐம்பது பக்கம் போனதும் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது. நன்றாக இருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது: புருஷன் போனவள் பக்கத்தைத் திருப்பித் திருப்பி, அடுத்து என்ன என்று மனம் குதிக்க உட்கார்ந்திருந்தாள். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 9, சனி

பிறந்துவிட்டது. பெண்.

போனை வைத்த அத்தை பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் குளிரில், வீட்டுச் செருப்போடு. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறார். எனக்குத் தெரியக் கூடாது என்று வெளியே போய்ச் சிரிக்கிறார்.

உள்ளே வரும்போது முகத்தைச் சரி செய்துகொண்டு வந்தார். உருளைக்கிழங்கை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தார்.

நான் மாவு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன்.

"என்ன?"

"மெகிட்சா பொரிக்கலையா? குழந்தை பிறந்தா பொரிச்சு அக்கம்பக்கம் கொடுக்கணும்ல. இல்லைன்னா பிள்ளைக்குத் தோல் சொரசொரப்பாயிடும்னு நீங்கதான் சொல்வீங்க."

"உனக்கு வேண்டாம் நெவெனா. இதெல்லாம்—"

"மாவைப் பிசையுங்க அத்தை."

அவர் பிசைந்தார், நான் பொரித்தேன். எண்ணெயில் மாவு உப்பி உப்பி வந்தது. தட்டை நானே எடுத்துக்கொண்டு படியேறினேன். மேல்வீட்டு ஸ்லவ்கா கதவைத் திறந்து, "அடடே! யாருக்கு?" என்றாள்.

"பிளாமெனுக்கு. பெண் குழந்தை."

என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு முகத்தை. ஒரு மெகிட்சாவை எடுத்துக்கொண்டாள். 

கீழே வந்து குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் தெரியாது.

பிப்ரவரி 21, வியாழன்

அத்தை என் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றார். மற்றவர்கள் போலவே, கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு. வீட்டில் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை போலும். வரிசை நகர நகர என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த கால அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு அது தெரியவே தெரியாது.

"எங்க?" என்றேன்.

"ஸ்பெயின். அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி." பிறகு தாழ்ந்த குரலில்: "அவ மறுபடி வேலைக்குப் போகணுமாம். பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லை. கேட்டான். என்னால மாட்டேன்னு சொல்ல முடியலை நெவெனா. நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே வீட்டுக்குத் திரும்பிடுறேன்."

பின்னால் ஒருவர் இருமினார். சொல்லியிருந்தால் திரும்பியிருப்பார். நிச்சயமாகத் திரும்பியிருப்பார். திரும்பி வந்து அடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் ஸ்பெயினை நினைத்துக்கொண்டிருப்பார்.

"போக மட்டுமா, திரும்பி வரவுமா?" எல்லோரையும் கேட்கிற கேள்விதான்.

உதட்டைக் கடித்தார். அந்தப் புதுப் பல்லால்.

"போக மட்டும் போடு."

ஜன்னலோர இருக்கையாகப் பார்த்துப் போட்டேன்.

மார்ச் 1, வெள்ளி

சந்தை முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக, மார்ச் பிறந்ததும் கையில் கட்டுகிற மார்த்தெனிட்சா நூல் விற்கிறார்கள். அத்தை எனக்கு ஒன்று கட்டிவிட்டார். முடிச்சு விழவில்லை. நானே பல்லால் இழுத்து முடிந்துகொண்டேன்.

"வீடு உன்னோடது. நான் உயிரோட இருக்கிற வரைக்கும் எவனும் உன்னைக் கிளப்ப முடியாது. அவன்கிட்ட எழுதி வாங்கிட்டேன்."

"சரி அத்தை."

"விறகு ஈரம். முன்னாடி நாளே உள்ள எடுத்துப் போட்டுக்கோ."

"சரி."

"சரி சரின்னு சொல்லாதே! ஏதாவது திட்டிடு என்னை."

திட்ட வரவில்லை. பஸ் கதவு மூடும்போதுதான் கத்தினேன்: "குழந்தைக்குச் சளி பிடிச்சா ராக்கியா சாராயத்தைத் தேய்க்காதீங்க! இப்பதான் பிறந்த பிள்ளை அது!" அவர் கேட்டாரா தெரியவில்லை. கண்ணாடியில் கையை வைத்திருந்தார். வண்டி திரும்பியபோதும் கை அப்படியே இருந்தது.

ஜன்னலுக்குத் திரும்பி, அடுத்தவருக்கு மோன்டானா ஊருக்கு டிக்கெட் போட்டேன்.

மார்ச் 17, ஞாயிறு

ஒரு ஆளுக்குச் சூப் வைக்க எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 10, புதன்

நீதிமன்றம். அவன் வரவில்லை, வக்கீல் வந்தார். சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா என்று நீதிபதி கேட்டார், அப்படிக் கேட்கவேண்டும் என்பது சட்டமாம். இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன். வெளியே மழை. பேக்கரியில் நின்றபடியே சீஸ் வைத்த ஒரு பனிட்சா தின்றேன். முழுதாகத் தின்றேன்.

மே 26, ஞாயிறு

அத்தை போன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறார். முதலில் எப்போதும் போலப் பெருமை. "குப்புற விழுந்துட்டாடி! தலையைத் தூக்கிப் பார்க்கிறா, ஆமை மாதிரி." எனக்குச் சிரிப்பு வந்தது. வலிக்கவும் செய்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று இப்போது பழகிவிட்டது.

பிறகு குரல் இறங்கியது.

"இங்க என்னோட பேச ஆள் இல்லை நெவெனா. அவங்க ரெண்டு பேரும் வேலையிலிருந்து வந்தா படுத்துடுறாங்க. ரலிட்சா கெட்டவ இல்லை. ஆனா நான் பாத்திரத்தை வைக்கிற இடம் அவளுக்குப் பிடிக்கலை. கடையில போய் ரொட்டி கேக்கக்கூட எனக்குப் பாஷை வரலை. பகலெல்லாம் பிள்ளைகிட்டதான் பேசுறேன். அதுக்கு டோர்ன் கதையைச் சொன்னேன். முழுசா. கரடிப் பொறியை மட்டும் விட்டுட்டேன், பயந்துடும்."

'வந்துடுங்க' என்று வாய் வரை வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பதினெட்டாவது வந்துடுச்சா?" என்றார்.

"அடுத்த மாசமாம்."

"யாரோட கதை?"

"கூட்டத்துல அந்தச் செவிட்டுத் தம்பி இருக்கானே, அவனோடது."

"அப்படியா!" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பழைய பென்கா அத்தை.

ஜூன் 11, செவ்வாய்

வெலிச்கோ கொண்டுவந்துவிட்டார். இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை, மெதுவாக நீட்டுகிறார். "ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. கடையில எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாங்களாம். அடுத்து எப்ப அச்சடிப்பாங்கன்னு தெரியலைன்னு கடைக்காரன் சொன்னான்."

வெயில் இருக்கும்போதே ஆற்றங்கரைக்குப் போனேன். எதிர்க்கரை ருமேனியா தெளிவாகத் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்து முதல் அத்தியாயம். செவிட்டு ஓநாய், தேவாலயத்தில் மணி அடிக்கிற ஒருத்தி. மணி அடிக்கும்போது தரை அதிர்வதை அவன் பாதத்தால் கேட்கிறான். ஆகா! உடம்பு சிலிர்த்தது. இரண்டாவது அத்தியாயத்தின் முதல் வரி வரை போய்விட்டேன்.

மூடினேன்.

ஜூன் 14, வெள்ளி

ஸ்பெயின் வண்டி. ஓட்டுநர் பொட்டலத்தை வாங்கி எடை பார்ப்பதுபோல் கையில் ஆட்டினார்.

"என்னம்மா இது, லேசா இருக்கு? எல்லாரும் சீஸு, குடைமிளகாய் ஜாடின்னு அனுப்புவாங்க."

"புத்தகம். பத்திரம், மடங்காம கொண்டுபோங்க."

"யாருக்கு?"

"அம்மாவுக்கு."

அவர் படித்து முடித்துப் போனில் சொல்லட்டும். எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பொட்டலத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. குழந்தைக்குச் சின்னத் துணித் தொப்பி ஒன்று வாங்கி வைத்திருந்தேன், நாடா கட்டுகிற மாதிரி. அங்கே வெயில் கடுமையாம்.